கிளவுடில் யாருக்கு எது திறக்கும்? வீட்டுக்கும் வேலைக்கும் 26 பயனுள்ள குறிப்புகள்

மேல்சித்தாமூர் ஏடுகளைப் போற்றிய ஊர். தமிழ்ச் சமணர்களின் ஜினகாஞ்சி மடம் இங்கேதான் இருக்கிறது. ஓலைச்சுவடியைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த இந்த மண்ணில் இன்று பட்டா, கிரயப் பத்திரம், சாதிச் சான்று, மதிப்பெண் பட்டியல், கல்யாணப் படங்கள், விழாக் குழுவின் வரவு செலவு எல்லாம் கிளவுடுக்குப் போய்விட்டன. பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்க, பெற்றோர் ஊரில் இருக்க, எல்லோர் கைக்கும் ஒரே ஆவணம் கிடைப்பது பெரிய வசதிதான். ஆனால் யாருக்குத் திறப்பது, யாருக்கு மறுப்பது என்பதை ஒவ்வொரு தடவையும் ஒரு கணினி சில விதிகளை வைத்துத் தீர்மானிக்கிறது. அந்த விதிகள் மிகச் சிலவே. அவற்றைத் தெரிந்துகொண்டால் பெரும்பாலான தவறுகளைத் தவிர்த்துவிடலாம். முதல் பகுதி பொது விதிகள். இரண்டாம் பகுதி எல்லா வீட்டுக்கும் பொருந்தும். மூன்றாம் பகுதி, வீட்டிலிருந்தபடியே கிளவுட் வேலை பார்க்கும் இளைஞர்களுக்கும் அதைப் படித்துக்கொண்டிருக்கும் மாணவர்களுக்கும். கடைசிப் பகுதி இரு சாராருக்கும்.

முதலில் விதி

1. சொல்லாதது எல்லாம் 'கூடாது' என்றே பொருள். கிளவுடில், யாருக்கும் பகிராத இடத்தில் புதிதாக ஒரு பைலை வைத்தால், வைத்தவரைத் தவிர யாருக்கும் அது திறக்காது. நீங்கள் யாரையும் தடுக்கத் தேவையில்லை. அனுமதி தராமல் இருந்தாலே போதும். அமேசானின் ஏ.டபிள்யூ.எஸ்., மைக்ரோசாப்டின் அஷ்யூர், கூகுள் கிளவுட் மூன்றுக்கும் இதுவே அடித்தளம்.

2. ஓர் அனுமதி போதும், திறந்துவிடும். ஒருவருக்குப் பத்து இடங்களில் அனுமதி எழுதியிருக்க வேண்டியதில்லை. எங்கோ ஒரு மூலையில், எப்போதோ கொடுத்து மறந்துபோன ஒரே ஓர் அனுமதி இருந்தாலும் கணினி கதவைத் திறக்கும். அது எவ்வளவு பழையது, ஏன் கொடுத்தீர்கள் என்றெல்லாம் கேட்காது.

3. ஒரு தடை போதும், மூடிவிடும். 'இவருக்குக் கூடாது' என்று வெளிப்படையாக எழுதிய தடை ஒன்று இருந்தால், எத்தனை அனுமதிகள் இருந்தாலும் அவை செல்லா. எதை முதலில் எழுதினோம், எதைப் பிறகு எழுதினோம் என்ற வரிசைக்கு இங்கே வேலையில்லை. செஞ்சிக் கோட்டையில் ராஜகிரி உச்சிக்கு ஏறியவர்களுக்கு இது சட்டென விளங்கும். ஒன்றன்பின் ஒன்றாக வாயில்கள். உச்சிக்கு முன் ஆழமான பாறைப் பிளவு, அதன்மேல் ஒரு மரப்பாலம். கீழ் வாயில்களில் எல்லாம் வழி விட்டாலும், மேலே பாலத்தை எடுத்துவிட்டால் யாரும் உள்ளே போக முடியாது. 1690-இல் தொடங்கிய மொகலாய முற்றுகை 1698 வரை நீண்டதற்கு இந்த அடுக்குக் காவலும் ஒரு காரணம். 2025-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் மராட்டியர் கோட்டைகளுள் ஒன்றாக இடம்பெற்ற அந்தக் கோட்டையின் காவல் முறையும் கிளவுடின் காவல் முறையும் இந்த ஓர் இடத்தில் ஒன்றே.

4. 'தரவில்லை' வேறு, 'தடுத்திருக்கிறேன்' வேறு. இரண்டிலும் கதவு மூடித்தான் இருக்கும். ஆனால் தரவில்லை என்றால், நாளை யாராவது ஓர் அனுமதி கொடுத்ததும் திறந்துவிடும். தடுத்திருந்தால், அந்தத் தடையை நீக்கும்வரை எத்தனை பேர் அனுமதி கொடுத்தாலும் திறக்காது. தடை எழுதும் வசதி உள்ள கிளவுடில், ஒருபோதும் நடக்கவே கூடாத காரியங்களுக்கு மட்டும் தடை எழுதுங்கள். மற்றவற்றுக்கு, தராமல் இருப்பதே போதும். தேவையில்லாமல் தடைகளை அடுக்கினால், பின்னால் உரிய ஆளுக்கே திறக்காமல் போய், காரணம் தேடி அலைய நேரும்.

5. நான்கு கேள்விகளை மனத்தில் வையுங்கள். யார் கேட்கிறார்? என்ன செய்யக் கேட்கிறார், பார்க்கவா, திருத்தவா, அழிக்கவா? எந்தப் பைலை? எந்த நிலையில், அதாவது எங்கிருந்து, எப்போது, எந்தச் சரிபார்ப்போடு? கணினி இந்த நான்கையும் வைத்தே முடிவெடுக்கிறது. அனுமதி கொடுக்கும்போது நீங்களும் இந்த நான்கையும் கேட்டுக்கொள்ளுங்கள். 'சித்தப்பாவுக்கு நம் கூகுள் டிரைவ் வேண்டும்' என்று வந்தால், அவருக்கு உண்மையில் தேவைப்படுவது நிலப் பத்திரம் ஒன்றைப் பார்ப்பது மட்டுமாக இருக்கும். அதை மட்டும் கொடுத்தால் போதும்.

வீட்டு டிரைவில்

6. போல்டருக்குக் கொடுத்தால் உள்ளே இருப்பது அத்தனைக்கும் கொடுத்ததாகும். கூகுள் டிரைவில் ஒரு போல்டரைப் பகிர்ந்தால், அதற்குள் இருக்கும் பைல்கள் மட்டுமல்ல, நாளை நீங்கள் அதில் போடப்போகும் பைல்களும் அவருக்குத் திறக்கும். விழாப் படங்களுக்காக ஊரார் பலருக்கும் பகிர்ந்த போல்டரில், அவசரத்தில் வங்கிப் பாஸ்புக் படத்தைப் போட்டுவிட்டால் அதுவும் பகிரப்பட்டுவிடும். எந்தப் பைலையும் போடுமுன் அந்தப் போல்டர் யார் யாருக்குப் பகிரப்பட்டிருக்கிறது என்று பாருங்கள்.

7. இரண்டு வழியில் அனுமதி வந்தால் பெரியதே நிற்கும். போல்டர் வழியாக 'பார்க்க மட்டும்' என்றும், உள்ளே இருக்கும் ஒரு பைலில் தனியாகத் 'திருத்தலாம்' என்றும் ஒருவருக்கு இருந்தால், அந்தப் பைலை அவர் திருத்தலாம். ஆகவே ஒருவரை நீக்கும்போது ஓரிடத்தில் பெயரை எடுத்தால் போதாது. பைல், அதன் மேல் போல்டர், அதற்கும் மேல் போல்டர், பொது லிங்க் என எல்லா வழிகளையும் பாருங்கள்.

8. பெயர் சொல்லிக் கொடுங்கள், லிங்க்கைத் திறந்துவிடாதீர்கள். 'லிங்க் உள்ள எவரும்' என்று வைத்தால் நான்கு கேள்விகளில் முதல் கேள்வியே நீங்கிவிடுகிறது. யார் என்று கணினி கேட்காது. வாட்ஸ்அப் குழுவில் போட்ட லிங்க் எத்தனை குழுக்களுக்குப் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. திருவிழா அழைப்பிதழுக்கு லிங்க் சரி. ஆதார் நகலுக்கும் பத்திரத்துக்கும் மின்னஞ்சல் முகவரி கொடுத்துப் பெயர் சொல்லியே பகிருங்கள்.

9. 'திருத்துபவர்' என்றால் என்னென்ன என்று தெரிந்து கொடுங்கள். டிரைவில் பார்ப்பவர், கருத்திடுபவர், திருத்துபவர் என்று மூன்று நிலைகள் உண்டு. திருத்துபவர் பைலை மாற்றலாம். நீங்கள் மாற்றி அமைக்காவிட்டால் வேறு ஆட்களையும் உள்ளே சேர்க்கலாம். பகிர்வுப் பெட்டியின் மேலே இருக்கும் பற்சக்கரக் குறியைத் தொட்டு, திருத்துபவர்கள் அனுமதியை மாற்றலாம் என்ற இடத்தில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். விழாக் குழுக் கணக்கில் பொருளாளர் ஒருவருக்குத் திருத்தும் உரிமை, மற்ற உறுப்பினர்களுக்குப் பார்க்கும் உரிமை என்று வைத்தால் கணக்கும் பத்திரம், உறவும் பத்திரம்.

10. பதிவிறக்கத்தையும் கவனியுங்கள். அதே பற்சக்கரத்துக்குள், பார்ப்பவர்கள் டவுன்லோட் செய்யவும் அச்செடுக்கவும் நகலெடுக்கவும் இருக்கும் வசதியை நிறுத்தலாம். ஆனாலும் திரையைப் படமெடுப்பதை இதனால் தடுக்க முடியாது. அனுமதியைத் திரும்பப் பெற்றாலும், ஏற்கெனவே இறக்கி வைத்த நகல் அவரிடமே இருக்கும். கொடுக்குமுன் யோசிப்பதுதான் உறுதியான காவல்.

11. யார் ஏற்றினாரோ அவரே உரிமையாளர். உங்கள் போல்டரில் உங்கள் அண்ணன் மகன் ஒரு பைலைப் போட்டால், தனிநபர் டிரைவில் அதன் உரிமையாளர் அவர்தான். அவர் அதை நிரந்தரமாக அழித்தால் உங்களுக்கும் இல்லை. பாட்டனார் காலத்துப் பத்திரம், வீட்டில் இருக்கும் சுவடிகளின் படங்கள் போன்றவற்றை வீட்டில் பொறுப்பான ஒருவர் தம் கணக்கிலிருந்து ஏற்றட்டும். வேறொருவர் ஏற்றியிருந்தால், உரிமையை மாற்றித் தரச் சொல்லுங்கள் அல்லது ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

12. போல்டர்களை ஆளை வைத்துப் பிரியுங்கள். நிலம், படிப்பு, மருத்துவம் என்று பொருளை வைத்து மட்டும் பிரித்தால், ஒரே போல்டரில் எல்லோரும் பார்க்கத் தக்கதும் ஒருவர் மட்டும் பார்க்கத் தக்கதும் கலந்துவிடும். கணவன் மனைவிக்கு மட்டும், பிள்ளைகளுக்கும் சேர்த்து, பங்காளிகளுக்கும் சேர்த்து, ஊர் முழுவதற்கும் என்று நான்கு பெரிய போல்டர்கள் வையுங்கள். அதற்குள் பொருள்வாரியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அனுமதியை இந்த நான்கிடங்களில் மட்டும் கொடுத்தால், யாருக்கு எது திறக்கும் என்று நினைவிலேயே வைத்துக்கொள்ளலாம்.

13. டிஜிலாக்கரில் ஒப்புதல் கேட்கும் பக்கத்தை முழுதாகப் படியுங்கள். 2015-இல் தொடங்கிய இந்த அரசுச் சேவையில் வரும் மதிப்பெண் பட்டியல், ஓட்டுநர் உரிமம் போன்றவை அசலுக்குச் சமமாகச் சட்டப்படி ஏற்கப்படுகின்றன. அதனால்தான் கவனம் இன்னும் அதிகம் வேண்டும். ஒரு நிறுவனம் உங்கள் லாக்கரைப் பார்க்கக் கேட்கும்போது எந்த ஆவணம், எதற்காக, எத்தனை நாளைக்கு என்று பாருங்கள். தேவையில்லாத ஆவணத்தின் டிக்கை எடுத்துவிடுங்கள். வேலை முடிந்ததும் ஒப்புதலைத் திரும்பப் பெறுங்கள்.

14. ஆப்களும் அனுமதி வாங்கியவைதாம். படத்தை அழகாக்கும் ஆப், பி.டி.எப். மாற்றும் இணையதளம், விளையாட்டு என்று ஒவ்வொன்றும் 'கூகுள் கணக்கால் உள்நுழைக' என்று கேட்டு, சில சமயம் டிரைவ் முழுவதையும் பார்க்கும் உரிமையையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறது. ஆப்பைப் போனிலிருந்து அழித்தாலும் அந்த உரிமை கணக்கில் அப்படியே இருக்கும். உங்கள் கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் பிற ஆப்களின் இணைப்புகள் என்ற பகுதிக்குப் போய், அடையாளம் தெரியாதவற்றை நீக்குங்கள்.

15. கணக்கே திருடுபோனால் விதிகளால் பயனில்லை. பாஸ்வேர்டு கிடைத்தவரைக் கணினி நீங்களாகவே எண்ணும். எனவே இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள். மீட்பு எண்ணாகப் பழைய சிம் எண் இருந்தால் மாற்றுங்கள். ஓடிபி-யை யார் கேட்டாலும், பேரன் குரலிலேயே கேட்டாலும், சொல்லாதீர்கள்.

16. உங்களுக்குப் பின் யாருக்கு என்பதையும் எழுதி வையுங்கள். கூகுளில் செயலற்ற கணக்கு மேலாளர் என்ற வசதி உண்டு. 3 மாதம் முதல் 18 மாதம் வரை கணக்கு பயன்படாமல் இருந்தால், நீங்கள் குறித்து வைத்தவர்களுக்குத் தகவலும் விரும்பினால் பைல்களும் போய்ச் சேரும். 2 ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்கை கூகுள் அழித்துவிடலாம் என்பதால் வீட்டில் பெரியவர்கள் இருப்பவர்கள் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

கிளவுட் வேலை பார்ப்பவர்களுக்கு

17. ரூட் கணக்கைப் பூட்டி வையுங்கள். ஏ.டபிள்யூ.எஸ்.-இல் கணக்குத் தொடங்கிய மின்னஞ்சலே ரூட். அந்தக் கணக்குக்குள் நீங்கள் எழுதும் ஐ.ஏ.எம். பாலிசிகளால், அதாவது அனுமதி விதிகளால், அதன் அதிகாரத்தைக் குறைக்க முடியாது. அதற்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு போட்டு, அணுகல் சாவி எதுவும் உருவாக்காமல் ஒதுக்கி வையுங்கள். அன்றாட வேலைக்குத் தனி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

18. பக்கெட் வேறு, அதன் உள்ளே இருப்பது வேறு. ஏ.டபிள்யூ.எஸ்.-இன் சேமிப்புச் சேவையான எஸ்3-இல் பைல்களை வைக்கும் பெட்டியே பக்கெட். அதற்குப் பாலிசி எழுதும் புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. பைல்களைப் பட்டியலிடும் லிஸ்ட்பக்கெட் அனுமதி பக்கெட்டின் பெயருக்குத் தர வேண்டியது. பைலைப் படிக்கும் கெட்ஆப்ஜெக்ட் அனுமதி, பெயருக்குப் பின் சாய்கோடும் நட்சத்திரமும் சேர்த்துத் தர வேண்டியது. ஒன்றின் இடத்தில் மற்றதை எழுதினால் பாலிசி பார்க்கச் சரியாக இருக்கும், வேலை மட்டும் நடக்காது.

19. நட்சத்திரக் குறியைக் கண்டால் நின்று யோசியுங்கள். செயலிலும் நட்சத்திரம், பொருளிலும் நட்சத்திரம் என்றால் எல்லாப் பொருளிலும் எல்லாம் செய்யலாம் என்று பொருள். 'இப்போதைக்கு ஓடட்டும், பிறகு குறைக்கலாம்' என்று வைத்ததை நடைமுறையில் யாரும் குறைப்பதில்லை. 2019-இல் அமெரிக்காவின் கேபிடல் ஒன் வங்கியில் நடந்தது இதற்குப் பெரிய பாடம். தவறாக அமைத்த ஒரு பயர்வால் வழியே நுழைந்தவருக்கு, அந்த சர்வருக்குத் தந்திருந்த ரோல் என்ற தற்காலிக அடையாளத்தில் இருந்த மிகையான படிக்கும் உரிமை வாய்ப்பாகப் போயிற்று. அமெரிக்காவில் சுமார் 10 கோடிப் பேர், கனடாவில் சுமார் 60 லட்சம் பேர் தகவல்கள் வெளியேறின. வங்கிக்கு 2020-இல் 8 கோடி டாலர் அபராதம் விழுந்தது. அந்த ரோலுக்குத் தேவையான அளவு உரிமையே இருந்திருந்தால், பயர்வால் தவறியிருந்தும் இழப்பு இந்த அளவுக்குப் போயிருக்காது.

20. உச்சவரம்பு அனுமதி ஆகாது. நிறுவனக் கணக்குகளில் சர்வீஸ் கன்ட்ரோல் பாலிசி, பெர்மிஷன் பவுண்டரி என்று இரண்டு வரம்புகள் இருக்கலாம். இவை எதுவரை கொடுக்கலாம் என்று எல்லை போடுபவை. தாமாக எதையும் கொடுப்பதில்லை. வரம்புக்குள்ளும் இருக்க வேண்டும், பயனரின் பாலிசியிலும் அனுமதி இருக்க வேண்டும். இரண்டிலும் பொதுவாக இருப்பது மட்டுமே நடக்கும். 'எனக்கு முழு நிர்வாக உரிமை இருக்கிறது, ஆனாலும் மறுக்கிறது' என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த வரம்புகளைத்தான்.

21. ஒரே கணக்கில் ஒரு கை போதும், இரு கணக்கென்றால் இரு கையும் வேண்டும். பயனரும் பக்கெட்டும் ஒரே கணக்கில் இருந்தால், பயனரின் பாலிசியிலோ பக்கெட்டின் பாலிசியிலோ ஓரிடத்தில் அனுமதி இருந்தாலே பொதுவாகப் போதும். வேறு கணக்கிலிருந்து வந்து கேட்டால், அவர் வீட்டிலும் அனுமதி வேண்டும், நம் வீட்டிலும் அனுமதி வேண்டும். கேஎம்எஸ் சேவையின் மறையாக்கச் சாவிகளும், ஒரு ரோலை யார் எடுக்கலாம் என்று சொல்லும் டிரஸ்ட் பாலிசியும் விதிவிலக்கு. அவற்றில் ஒரே கணக்காக இருந்தாலும் பொருளின் பக்கத்து அனுமதி கட்டாயம்.

22. நிபந்தனைகளில் 'உம்' எங்கே, 'அல்லது' எங்கே என்று பாருங்கள். ஒரே கூற்றில் வெவ்வேறு நிபந்தனைகள் எழுதினால் எல்லாமே நிறைவேற வேண்டும். ஒரே நிபந்தனைக்குள் பல மதிப்புகள் எழுதினால் அவற்றுள் ஒன்று பொருந்தினால் போதும். ஐ.பி. முகவரியை வைத்து நிபந்தனை போடுபவர்கள், வீட்டு பிராட்பேண்டின் முகவரி அடிக்கடி மாறும் என்பதை மறக்க வேண்டாம். இரண்டடுக்குச் சரிபார்ப்பு இல்லையென்றால் தடுக்க எழுதும்போது இன்னொரு கவனம் வேண்டும். நிரந்தர அணுகல் சாவியோடு வரும் கோரிக்கையில் சரிபார்ப்புத் தகவலே இருக்காது. வெறும் 'பூல்' நிபந்தனை அதைப் பிடிக்காமல் விட்டுவிடும். 'பூல்இஃப்எக்ஸிஸ்ட்ஸ்' என்று எழுதினால் பிடிக்கும்.

23. எல்லாக் கிளவுடும் ஒரே மாதிரி என்று நினைக்காதீர்கள். கூகுள் கிளவுடில் நிறுவனம், போல்டர், புராஜெக்ட், பொருள் என்று அனுமதி மேலிருந்து கீழே இறங்கும். மேலே கொடுத்ததைக் கீழ்மட்ட அனுமதிப் பாலிசியால் பிடுங்க முடியாது. தனியாகத் தடைப் பாலிசி எழுத வேண்டும். அந்தத் தடை அனுமதிப் பாலிசிகளுக்கு முன்பே பார்க்கப்படும். அஷ்யூரிலும் ரோல்கள் ஒன்றோடொன்று கூடிக்கொண்டே போகும். ஆகவே இவ்விரண்டிலும் உயர்மட்டத்தில் கொடுக்கும் அனுமதியில் மிகச் சிக்கனம் தேவை. ஏ.டபிள்யூ.எஸ்.-இன் எஸ்3-இல் 2023 ஏப்ரல் முதல் புதிய பக்கெட்டுகளுக்குப் பொது அணுகல் தடை தானாகவே போட்டு வருகிறது. அதற்கு முன் உருவாக்கியவற்றை நீங்கள்தான் திறந்து பார்க்க வேண்டும்.

24. நிரந்தரச் சாவியைவிடத் தற்காலிக ரோல் மேல். அணுகல் சாவியை நிரலுக்குள் எழுதி கிட்ஹப்பில் ஏற்றிவிட்டால், தேடி எடுப்பவர்கள் காத்திருக்கிறார்கள். ரோல் வழியாக வரும் சாவி தானாகவே காலாவதியாகும். நிரந்தரச் சாவி தவிர்க்க முடியாததென்றால் மாற்றிக்கொண்டே இருங்கள். பழையதைச் செயலிழக்கச் செய்து, எதுவும் நிற்கவில்லை என்று உறுதியானபின் அழியுங்கள்.

சிக்கல் வந்தால்

25. மறுத்த செய்தியை முழுதாகப் படியுங்கள். ஏ.டபிள்யூ.எஸ். பெரும்பாலும் காரணத்தைச் சொல்லிவிடுகிறது. வெளிப்படையான தடை என்று இருந்தால் தடை எழுதிய பாலிசியைத் தேடுங்கள். புதிய அனுமதி சேர்த்துப் பயனில்லை. எந்தப் பாலிசியும் அனுமதிக்கவில்லை என்று இருந்தால் மட்டுமே அனுமதி சேர்க்க வேண்டும். தேடும் வரிசை இது: முதலில் தடை, அடுத்து நிறுவன வரம்பு, பின்பு பொருளின் பாலிசி, பிறகு பயனரின் பாலிசி, கடைசியில் பவுண்டரி. எஸ்3-இல் பட்டியலிடும் உரிமை இல்லாதவர் இல்லாத பைலைக் கேட்டாலும் 'அனுமதி இல்லை' என்ற 403 தான் வரும். ஆகவே பைல் பெயரில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்றும் பாருங்கள். மாற்றம் செய்த உடனே பலிக்காவிட்டால் சிறிது பொறுங்கள்; எல்லா இடத்துக்கும் அது போய்ச் சேரச் சற்று நேரம் எடுக்கும். அவசரத்தில் முழு உரிமையும் கொடுத்துப் பார்ப்பது மட்டும் வேண்டவே வேண்டாம்.

26. சோதித்துப் பாருங்கள், பதிவேட்டையும் பாருங்கள். வீட்டு டிரைவ் என்றால், பிரவுசரின் மறைநிலைச் சன்னலில் லிங்க்கைப் போட்டுப் பாருங்கள். திறந்தால் ஊருக்கே திறக்கும். ஏ.டபிள்யூ.எஸ். என்றால் ஐ.ஏ.எம். பாலிசி சிமுலேட்டரில் ஓட்டிப் பாருங்கள். அதன் பதிவேடான கிளவுட்ட்ரெயில் கடந்த 90 நாள் நிர்வாக நிகழ்வுகளைக் காட்டும். இந்திய நிறுவனங்கள் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், பாதுகாப்பு மீறல்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது செர்ட்-இன் அமைப்பின் 2022 ஏப்ரல் உத்தரவு. 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொந்த வீட்டு உபயோகத்துக்குப் பொருந்தாது. ஆனால் வாடிக்கையாளர், மாணவர் விவரங்களைச் சேர்த்து வைக்கும் கடை, டியூஷன் மையம் போன்றவை அதன் வரம்புக்குள் வரும். போதிய பாதுகாப்பு இல்லாமல் தரவு கசிந்தால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடமுண்டு.

இந்த 26-இல் எதை மறந்தாலும் முதல் மூன்றை மறக்காதீர்கள். கொடுக்காதது திறக்காது, ஒருமுறை கொடுத்தது நீங்கள் எடுக்கும்வரை திறந்தே இருக்கும், தடுத்தது எல்லாவற்றையும் வெல்லும். அனுமதி கொடுப்பது ஒரு நொடி வேலை என்பதால் நாம் கொடுத்துக்கொண்டே போகிறோம். திரும்பப் பெற யாரும் நமக்கு நினைவூட்டுவதில்லை. எனவே ஆண்டுக்கு நான்கு நாள்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: போகி, சித்திரை முதல் நாள், ஆடிப்பெருக்கு, தீபாவளி. அந்த நாள்களில் பிள்ளைகளும் பெரும்பாலும் ஊரில் இருப்பார்கள். எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து, யாருக்கு எது திறந்திருக்கிறது என்று பார்த்து, வேலை முடிந்த அனுமதிகளை எடுத்துவிடுங்கள். அரை மணி நேரம் போதும். இன்றே உங்கள் டிரைவில் ஒரு போல்டரைத் திறந்து, அது யார் யாருக்குப் பகிரப்பட்டிருக்கிறது என்று பார்த்துத் தொடங்குங்கள்.